இடது கைக்கு ஒரு துவக்கு

அத்தியாயம் 4

"என்ரை மனிசன் இண்டைக்கு ஒரு ஆளைச் சுடப்போறார்," என்றார் ரோகிணி. சொல்லிவிட்டு, கையில் கொண்டுவந்த இருபது பவுண்ட் அரிசிப் பையை எங்கள் மேசையில் கவிழ்த்தார்.

அரிசி வரவில்லை. வெற்று அட்டைப்பெட்டிகள், லேபிள்கள், ஓட்டை விழுந்த ஒரு பெரிய கடதாசி, கோயில் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள், உருண்டையான ஓர் அலுமினியத் துண்டு. எல்லாவற்றிலும் எண்ணெய் வாசனை.

2009 மே பதினெட்டு. விக்டோரியா தினம், ஊருக்கெல்லாம் லீவு. ஸ்கார்பரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு சலூனுக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீசுக்கு மட்டும் லீவு இல்லை. ரேடியோவில் யுத்தம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இன்னும் முடியவில்லை. ஜெயமலர் இரண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே எத்தனை அடி என்று அவர் நடந்தே அளந்துவிட்டார்.

ஜெயமலர் யாழ்ப்பாணத்துக்காரர். பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் பிரவீண், திருச்சி. போன நவம்பரில் சாஃப்ட்வேர் கம்பெனி என்னைக் கழற்றிவிட்டது. அன்றிலிருந்து நான் அவருடைய உதவியாளன், டிரைவர், காபி மாஸ்டர். இதில் மூன்றாவதை மட்டும் ஒரு தடவை பாராட்டியிருக்கிறார்.

"இருங்கோ," என்றார் ஜெயமலர், தான் உட்காராமல். "ஆரைச் சுடப்போறார்?"

"அகஸ்ரின் எண்டு ஒருத்தர். வோபர்னில பிரின்ரிங் கடை வைச்சிருக்கிறார். நான் ஒருநாளும் கண்டதில்லை. ஊரில இவர் ஒரு இயக்கம், அவர் மற்ற இயக்கம். எண்பத்தாறில ரெண்டு பகுதியும் அடிபட்டதெல்லே. கலியாணம் முடிச்சு இருபத்திரண்டு வருசம். ஆராவது அந்தப் பேரைச் சொன்னா இவர் சாப்பாட்டுக் கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போயிடுவார்."

அவருடைய கணவர் பெயர் விநாயகமூர்த்தி. ஸ்கார்பரோவில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் மெஷினில் வேலை. காலையில் நீளமான ஒரு பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்.

"போகேக்க என்னட்டைச் சொன்னார், அங்கை எல்லாம் முடிஞ்சுது, எனக்கும் ஒண்டு முடிக்கக் கிடக்கு எண்டு. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. பேஸ்மென்றில தேடினன். ஃபேர்னஸுக்குப் பின்னால உதெல்லாம் இருந்துது. உந்தப் பெட்டி மூடியில பாருங்கோ."

மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: அகஸ்ரின். கடை விலாசம். இன்றைய தேதி.

"துவக்குக்கு லைசன்ஸ் இருக்கோ?" என்றார் ஜெயமலர். துப்பாக்கியைத்தான் அவர்கள் துவக்கு என்பார்கள்.

"இருக்கு. ரெண்டாயிரத்தி அஞ்சில எடுத்தவர். மான் வேட்டைக்கு எண்டு சொன்னவர்."

"மான் ஏதாவது வீட்டுக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு காலத்தில ஒரு முயல்கூட வரேல்லை, தம்பி."

"பொலிசுக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார் ஜெயமலர்.

ரோகிணி அவரை நிமிர்ந்து பார்த்தார். "இண்டைக்கோ? ஒரு தமிழன் துவக்கோட வெளிக்கிட்டிட்டான் எண்டு இண்டைக்குச் சொன்னா, அவையள் அவரை உயிரோட பிடிப்பினமோ? எனக்கு அவர் வேணும். அவர் கொலைகாரனாகவும் வரக்கூடாது, பிணமாகவும் வரக்கூடாது."

என்னிடம் தயாராக இருந்த அடுத்த ஜோக்கை விழுங்கிவிட்டேன்.

ஜெயமலர் கடை நம்பருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. விநாயகமூர்த்தியின் செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "ஒரு மணித்தியாலம்," என்றார். "அதுக்குள்ள எனக்கு விளங்காட்டி நானே பொலிசுக்குச் சொல்லுவன். சரியோ?"

ரோகிணி தலையாட்டினார்.

ஜெயமலர் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இன்ஷூரன்ஸில் இருந்தபோது தீப்பிடித்த ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பை ஆறு மாதம் விசாரித்தவர் அவர். அப்போது கற்றதை மறக்கவில்லை.

"பிரவீண், உந்தக் குழலின்ரை லேபிளை வாசி."

"முப்பது இஞ்ச். கனமான வகைன்னு போட்டிருக்கு, மேடம்."

"பூட்டி முடிச்சா துவக்கு ஒரு சின்னப்பிள்ளையின்ரை பாரம் வரும். தோளில போட்டுக்கொண்டு ஒருத்தனுக்குப் பின்னால போகேலாது. ஒரு இடத்தில படுத்து, தாங்கியில வைச்சு, காத்துப் பாத்துச் சுடுற துவக்கு. அடுத்தது?"

"இது நடுப்பகுதி. போல்ட் வர்ற இடம். ஒரு குண்டுதான் போடலாமாம். மேகசின் கிடையாது."

"ஒவ்வொரு வெடிக்கும் போல்ற்றை இழுத்து, ஒரு ரவையை வைச்சு, திருப்பித் தள்ளவேணும். ஆத்திரத்தில இருக்கிறவன் உந்தத் துவக்கை வாங்கமாட்டான். உது பொறுமைக்காரன்ரை சாமான். வேறை என்ன கிடக்கு?"

"இடது கைக்காரருக்கானதுன்னு இருக்கு."

ஜெயமலர் நின்றார். காலையிலிருந்து முதல் தடவையாக நின்றார். "ரோகிணி அக்கா, உங்கட மனிசன் எந்தக் கை?"

"வலக்கை. எல்லாம் வலக்கைதான்."

"உயரம்?"

"ஆறடிக்கு ஒரு விரல் குறைவு."

காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு படம் இருந்தது. தோளில் வைக்கும் கட்டை, அதாவது பிடங்கு. அதன் நீளம் பன்னிரண்டரை அங்குலம் என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தது. ஜெயமலர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கையை மடக்கு. சுடுற விரலை நீட்டு."

முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளந்தார். பதின்மூன்றரை. நான் ஐந்தடி ஏழு. எங்கள் குடும்பத்தில் நெட்டையன் என்று பெயர் எடுத்தவன்.

"பிடங்கு ஆளின்ரை கைக்கு அளவெடுத்துத்தான் வெட்டுறது," என்றார். "உது உன்னைவிடக் கட்டையான ஒரு இடக்கைக்காரனுக்குத் தைச்ச சட்டை. மூர்த்தி அண்ணைக்கு உது கையிலயே ஏறாது."

"அப்போ சுடப்போறது வேற ஆள்," என்றேன். "கூலிக்கு ஒரு குள்ளனை..."

ரோகிணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். என் வாய் எப்போதும் என்னைவிட இரண்டு நிமிடம் முன்னால் போகும். அன்று அதைத் தைத்துப் போட்டிருக்கலாம்.

ஜெயமலர் அலுமினிய உருண்டையை எடுத்தார். கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து அளவு. நடுவில் திருகுக்கு ஓட்டை, ஓரத்தில் ஆழமான பள்ளங்கள். விநாயகமூர்த்தி மெஷினில் கடைந்து, ஏதோ பிழைத்துப்போய், ஒதுக்கி வைத்தது.

"தாங்கியின்ரை திருகு. துவக்கை ஏத்த இறக்க. கடையில விக்கிற திருகு ரெண்டு விரலால திருப்புற அளவுதான் இருக்கும். உவர் ஏன் மினக்கெட்டு இவ்வளவு பெரிசாச் செய்தவர்?" உள்ளங்கையை அதன்மேல் வைத்து, விரல்கள் படாமல் திருப்பிப் பார்த்தார். "வாங்கோ. வோபர்னுக்குப் போவம்."

*

என் பழைய கொரோலாவில் மூன்று பேரும் ஏறினோம். லாரன்ஸ் சாலையில் போகும் கார்களில் பாதியில் கறுப்புக் கொடி கட்டியிருந்தது. மீதிப் பாதியில் பார்பிக்யூவுக்குக் கரி மூட்டை போய்க்கொண்டிருந்தது. யாரோ பையன்கள் பகலிலேயே வெடி கொளுத்த, பின்சீட்டில் ரோகிணி திடுக்கிட்டு என் சீட்டைப் பிடித்தார். விக்டோரியா மகாராணிக்குப் பிறந்தநாள் கொண்டாட வேறு நாளா கிடைக்கவில்லை?

அகஸ்ரினின் கடை மார்க்கம் ரோட்டில் ஒரு சின்னப் பிளாசாவில் இருந்தது. பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஊர்வலத்துக்கு அடித்த பதாகைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஜெயமலர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

"என்ன தெரியுது, பிரவீண்?"

"மேசை, கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர்."

"மவுஸ் எந்தப் பக்கம்?"

"இடப் பக்கம்."

"ஸ்டேப்ளரை வடிவாப் பார். ஏன் மேசையோட சேர்த்து முடுக்கிக் கிடக்கு?"

பார்த்தேன். நான்கு திருகு போட்டு மேசையில் அறைந்திருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

"விரலால பிடிக்கத் தேவையில்லை. உள்ளங்கையால அமத்தினாக் காணும்," என்றார் ஜெயமலர்.

பக்கத்துக் கடையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் அழுது வீங்கியிருந்தன. ஆனாலும் கேட்டதற்கு மேலேயே சொன்னார்.

"அகஸ்ரின் அண்ணையோ? பத்து மணிபோல ஒரு நெட்டை மனிசன் வந்து ஏத்திக்கொண்டு போயிட்டார். சனிக்கிழமையளில வாறவர்தான். ரெண்டு பேரும் யுத்தத்தை நிப்பாட்டச் சொல்லி நடக்கிற யுனிவர்சிற்றி அவெனியூ போராட்டத்துக்குப் போறவை."

"இந்த வருசம் மானை விட்டிட்டு எனக்கும் அப்பிடித்தான் சொல்லிப் போட்டுப் போறவர்," என்றார் ரோகிணி மெல்ல. "நான் ஒவ்வொரு சனியும் அங்கை நிண்டனான். காணேல்லையே எண்டு கேட்டா, மற்றப் பக்கத்தில நிண்டனான் எண்டுவார்."

"அகஸ்ரின் அண்ணைக்கு வலக்கை எப்பிடி?" என்று கேட்டார் ஜெயமலர்.

"ரெண்டு விரல்தான் மிச்சம். எண்பத்தாறு மே மாசம் வெடி பட்டதாம். பத்தாம் தேதி. ஒவ்வொரு வருசமும் அண்டைக்குக் கடையைப் பூட்டிப்போட்டு சேர்ச்சுக்குப் போவார். எங்கையோ தூரத்தில இருந்து அடிச்சவங்களாம். ஆர் எண்டே தெரியாதாம்."

ஜெயமலர் கைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து விரித்தார். இதுவரை நான் பார்க்காத மூலையைப் பெருவிரலால் காட்டினார். இந்த வருடக் காலண்டர்தான். ஆனால் மூலையில், பென்சிலில், சிறியதாக: 10.5.86.

ரோகிணி அதை இரண்டு தடவை வாசித்தார்.

"இயக்கத்தில மூர்த்தி அண்ணைக்கு என்ன வேலை, அக்கா?"

"தூரத்தில இருந்து சுடுறது," என்றார் ரோகிணி. "அவர் அதை எனக்கு ஒரு தரம்தான் சொன்னவர். பிறகு நானும் கேக்கேல்லை."

நான் சத்தமாகவே மூச்சு விட்டேன். "அப்போ இது பரிசுங்க, மேடம். இவர் கெடுத்த கைக்கு இவரே ஒரு துப்பாக்கி செஞ்சு தர்றார். ரெண்டு பேரும் சனிக்கிழமை தோறும் ஒண்ணாப் போய்ச் சுடுறாங்க. கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போகலாம்."

ஜெயமலர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "கார்த் திறப்பை எடு."

"எதுக்கு?" என்றேன், சாவியை எடுத்துக்கொண்டே.

"ஆர் சுட்டதெண்டு அகஸ்ரினுக்குத் தெரியாது எண்டு இவ சொல்லுறா. தெரியாதவனுக்கு ஏன் திகதி? பெட்டி மூடியில ஏன் இண்டையத் திகதி? துவக்கை மட்டும் குடுக்கிறதெண்டா எந்தச் சனிக்கிழமையும் குடுக்கலாம். இண்டைக்கு யுத்தம் முடிஞ்ச நாள். இண்டைக்கு அவர் வாயைத் திறக்கப்போறார்." அவர் குரல் இறங்கியது. "அக்கா, நாங்கள் தலைகீழாப் பிடிச்சிட்டம். உங்கட மனிசன் சுடப்போகேல்லை. துவக்கையும் குடுத்து, தன்னைச் சுடச் சொல்லிக் குடுக்கப் போயிட்டார்."

*

ஓட்டை விழுந்த கடதாசி ஓர் இலக்குத் தாள். அதன் அடியில் நகரத்துக்கு வடக்கே இருக்கும் ஒரு கிளப்பின் முத்திரை இருந்தது. 404 நெடுஞ்சாலையில் நான் எவ்வளவு வேகத்தில் போனேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கிளப்புக்கு ஜெயமலர் போன் செய்தார். இன்று விடுமுறை, சாவி வைத்திருக்கும் அங்கத்தவர்கள் மட்டும் வரலாம் என்றது பதிவு செய்த குரல்.

"இப்ப போலீசுக்குச் சொல்லலாமா, மேடம்?"

"சொன்னா, துவக்கைப் பிடிச்சிருக்கிறவரை அவையள் சுடுவினம். ரெண்டு விரல் மனிசனை."

ரோகிணி வழியில் ஒரே ஒரு தடவை, யாரிடம் என்றில்லாமல், "நாலு வருசமா ஒரு மனிசன் மானுக்குப் போறன் எண்டு போய்வந்தான், நான் விட்டிட்டன்," என்றார். எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் இந்த யுத்தத்தை டி.வி.யில் பார்த்தவன். இந்தக் காரில் எனக்கு மட்டும் அதில் யாரும் சாகவில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

கேட் திறந்தே கிடந்தது. சரளைக் கல்லில் கார் நின்றதும் மூவரும் இறங்கி ஓடினோம்.

நீளமான புல்வெளி. அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு மண்மேடு. வழியெங்கும் காற்றுப் பார்க்கும் சின்னக் கொடிகள் ஒன்று போல நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தன. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பாய். பாயில் அந்தத் துப்பாக்கி, தாங்கியின் மேல், பெரிய உருண்டைத் திருகோடு. அதன் பின்னால் கட்டையான, நரைத்த ஒருவர் படுத்திருந்தார். பிடங்கு அவருடைய இடது தோளில் இருந்தது.

கோட்டுக்கு முன்னால், இருபது அடி தள்ளி, குழலுக்கு நேராக விநாயகமூர்த்தி நின்றார். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின.

ரோகிணி கத்த வாயைத் திறந்தார். ஜெயமலர் அவருடைய கையை எட்டிப் பிடித்தார்.

"பொறுங்கோ. பாயைப் பாருங்கோ."

பாயில், அகஸ்ரினின் முழங்கைக்குப் பக்கத்தில், பளபளவென்று ஓர் இரும்புத் துண்டு கிடந்தது. கைப்பிடி வைத்த, ஒரு சாண் நீள உருளை.

"போல்ற்," என்றார் ஜெயமலர். "கழட்டி வெளியில வைச்சிருக்கிறார். ஆராவது கோட்டைத் தாண்டி முன்னுக்குப் போனா எல்லாரும் போல்ற்றைக் கழட்டவேணும். உதுதான் இஞ்சத்தைய முதல் சட்டம். உந்தத் துவக்கால இப்ப ஒரு ஈயைக்கூடச் சுடேலாது."



அகஸ்ரின் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்னால் நின்றவரிடம் பேசிக்கொண்டிருந்தார், பஸ்சுக்குக் காத்திருக்கிற இருவர் பேசுவதுபோல.

"சொல்லி முடிச்சிட்டியோ?"

"முடிச்சிட்டன்," என்றார் விநாயகமூர்த்தி. "கோயில் கோபுரத்தில இருந்து நான்தான் அடிச்சனான். நெஞ்சுக்குத்தான் பாத்தனான். காத்துத் தள்ளிப்போட்டுது. அங்கை எல்லாம் முடிஞ்சுது, அகஸ்ரின். உன்ரை பகுதியும் இல்லை, என்ரை பகுதியும் இல்லை. நீ என்னைப் போட்டு முடி."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீதான் எண்டு. முன்னூறு யார்ட்டில, அந்தக் காத்துக்குள்ள அடிக்கக்கூடியவன் உங்கட பக்கத்தில ஒருத்தன்தான் இருந்தவன். ஆஸ்பத்திரியில கட்டிலில கிடக்கேக்கயே எனக்குத் தெரியும்." அகஸ்ரின் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "நாலு வருசத்துக்கு முன்னம் நீ இஞ்சை வந்து எனக்குப் பக்கத்துப் பாயில படுத்தாய். அண்டைக்கு என்னட்டை வலக்கைத் துவக்கு. இழுக்கேலாமல் மினக்கெட்டுக்கொண்டு கிடந்தன். நீ ஒண்டும் கதைக்காமல் எழும்பிவந்து போல்ற்றை இழுத்துவிட்டாய். ஒவ்வொரு வெடிக்கும். அண்டைக்கு உன்னைக் கொல்ல வேணும்போல இருந்துது. அதுக்குப் பிறகு வந்த சனியும் இருந்துது."

"பிறகு?"

"பிறகு எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நாலு வருசம் எடுத்திட்டாய்."

விநாயகமூர்த்தி என்கிற ஆறடி மனிதர் புல்லில் அப்படியே குந்திவிட்டார். ரோகிணி கோட்டைத் தாண்டி ஓடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் பலமாக ஓர் அடி போட்டார். பிறகு அதே தோளில் நெற்றியை வைத்து அழுதார். அவர் அழுதது கணவருக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து எல்லோரும் அடக்கி வைத்திருந்தது அது. பக்கத்தில் ஜெயமலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லவேண்டும். கைக்குட்டையை எடுத்து ஜெயமலரிடம் நீட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அகஸ்ரின் கையை அசைத்தார். "எழும்பி இஞ்சாலை வாங்கோ ரெண்டு பேரும். ஆக்கள் முன்னுக்கு நிக்கேக்க நான் என்னெண்டு சுடுறது?"

அவர்கள் கோட்டுக்குப் பின்னால் வந்தார்கள். அகஸ்ரின் எல்லோரையும் எண்ணிப் பார்த்தார். பிறகு திரும்பவும் படுத்து, இடது கையால் போல்ட்டை எடுத்து உள்ளே தள்ளினார். ஒரு குண்டை வைத்து மூடினார். வலது உள்ளங்கையைத் திருகின்மேல் வைத்து, அது சுகமாகத் திரும்புவதைக் கண்டு ஒரு கணம் தாமதித்தார். கொடிகள் தாழ்ந்தன. சுட்டார். அறுநூறு மீட்டருக்கு அப்பால் மண்மேட்டில் புழுதி எழுந்தது.

"இடப் பக்கம் போயிட்டுது," என்றார் விநாயகமூர்த்தி. குரல் உடைந்திருந்தாலும் கண் புழுதியிலேயே இருந்தது.

"துவக்கில பிழையில்லை. பிடங்கு அரை அங்குலம் நீளம். கழுத்தை இழுக்குது." அகஸ்ரின் போல்ட்டைக் கழற்றினார். துப்பாக்கியைத் தாங்கியிலிருந்து எடுத்து விநாயகமூர்த்தியின் கையில் கொடுத்தார். "வெட்டிக்கொண்டு வா."

விநாயகமூர்த்தி அதை வாங்கிக்கொண்டார். கேட்கப் பயந்தவர்போலக் கேட்டார்.

"எப்ப?"

"எப்பவோ? சனிக்கிழமைதான்," என்றார் அகஸ்ரின்.